பீலிக்கு இறங்கும் குழாய்
கண்டியிலிருந்து நுவரெலியா போகிறவர்கள் பஸ் யன்னலால் எட்டிப் பார்க்கும் இறம்பொடை நீர்வீழ்ச்சியின் உயரம் 109 மீட்டர். அதே இறக்கத்தில் மூடிய குழாய்க்குள் தண்ணீர் நின்றால், அடியில் அமுக்கம் ஏறத்தாழ 10.7 பார். மலையூற்றிலிருந்து லயத்துப் பீலிக்குக் குழாய் இறக்குகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. நீளக் குழாயைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, இரண்டு குழாய்களை இணைக்க இடையில் பூட்டும் விரலளவு மரைத்துண்டான நிப்பிளை மலிவாக முடிப்பது பெரும் பிழை. மரை வெட்டிய இடத்தில்தான் இரும்பு மெலிகிறது, தடித்த நிப்பிள் அங்கேதான் வேண்டும். குழாயைச் சுருக்கும் ரெடியூசர் போட்டால் அமுக்கம் கூடும் என்பதும் தவறான நம்பிக்கை. இரண்டு அங்குலக் குழாயை ஒரு அங்குலமாகச் சுருக்கினால் அதே தண்ணீர் நான்கு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். நெடுந்தூரம் அப்படியே போனால் உராய்வு அமுக்கத்தைத் தின்றுவிடும், கடைசி லயத்தில் குடத்தோடு நிற்கும் பெண்ணுக்குச் சொட்டுத்தான் மிஞ்சும்.