அந்தக் கதைக்குப் பேர் என்ன?

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் ஒரு விஞ்ஞானக் கதை சொன்னார். எதிர்காலத்தில் எல்லாக் கணக்கையும் கம்ப்யூட்டரே போடுவதால் மனுஷனுக்கு வாய்ப்பாடே மறந்துபோச்சு. ஒரு விஞ்ஞானி வெறும் பேப்பரில் பெருக்கிக் காட்ட, ராணுவத் தளபதி வாயைப் பிளக்கிறார். கதையின் பேர் மட்டும் மனசில் நிற்கவில்லை. மூணு வருஷம் கேட்காத ஆள் இல்லை.

கடைசியில் ஒரு நூலகர் சொன்னார்: 1958-ல் வந்த ஐசக் அசிமோவின் ‘தி ஃபீலிங் ஆஃப் பவர்’. அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். அவன் விஞ்ஞானியே இல்லை, சாதாரண டெக்னீஷியன்! தன் கணக்கைப் போருக்குப் பயன்படுத்துகிறார்கள் என்றதும் உயிரையே விடுகிறான்.

வாத்தியார் மாற்றிச் சொல்லியிருக்க மாட்டார். நான்தான் அவனை விஞ்ஞானி ஆக்கிவிட்டேன். டெக்னீஷியன் எங்கே கண்டுபிடிக்கப் போகிறான் என்ற நினைப்பு! டிப்ளமோ படிக்கிற நமக்கே இப்படி என்றால் கம்பெனிக்காரனைக் குறை சொல்லி என்ன?

என் அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். மூட்டைக் கூலியை மனசிலேயே கூட்டுவார். நான் கால்குலேட்டரில் சரிபார்ப்பேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. அவரிடம் கதையைச் சொன்னேன். பாதியிலேயே கேட்டார்: “ஏம்ப்பா, அந்த ஆளுக்குச் சம்பளம் ஏத்துனாங்களா?”