வராத தவணையும் நிலுவைதான்



2023 ஜூலை இறுதியில், மலையக மக்களின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைப்பயணம் புறப்பட்டது. நம் பூட்டன் பூட்டிமார் தோணியால் இறங்கி, காட்டு வழியே நடந்து, பலர் வழியிலேயே மாண்டுபோன பாதை அது. அதில் நடந்தவர்களில் நானும் ஒருவன். மன்னார்த் தீவின் அந்த வெயிலும் உப்புக் காற்றும் இன்னும் நினைவில் இருக்கின்றன. அவற்றைவிட ஆழமாக மனதில் நிற்பது வழியில் கண்ட அரைகுறை வீடுகள்.

பனைகளுக்கு நடுவே லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன சுவர்கள். கூரையும் இல்லை, கதவும் இல்லை. உள்ளே ஆடுகள் படுத்திருந்தன. வீட்டுக்காரர் பக்கத்தில் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். யுத்தத்தில் உடைந்ததா என்று கேட்டேன். இல்லை, பாதியில் காசு நின்றுபோன வீடுகள் என்றார்கள்.

நடந்தது இதுதான். 2015 முதல் 2019 வரை வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் சஜித் பிரேமதாச. அவர் காலத்தில் தேசிய வீடமைப்பு அதிகார சபை நாடெங்கும் மாதிரிக் கிராமங்களைத் தொடங்கியது. மன்னார் உட்பட வடக்கு மாவட்டங்களிலும் வீடில்லாக் குடும்பங்கள் பயனாளிகளாகத் தெரிவாயின. பணம் கட்டம் கட்டமாகத் தரப்படும். அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழுந்தால் அடுத்த தவணை. சனம் நம்பி வேலையைத் தொடங்கியது. 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, தவணைகள் நின்றன. நிதி இல்லாமல் தொடங்கிவிட்டார்கள் என்றது ஒரு பக்கம். அரசியல் பழிவாங்கல் என்றது மறு பக்கம். இரண்டு பக்கத்தாருக்கும் வீடு இருந்தது. சுவர் எழுப்பியவனுக்குத்தான் கூரை இல்லை.

அதற்குள் 2022இன் பொருளாதார நெருக்கடியும் வந்து சேர்ந்தது. திட்டம் தொடங்கியபோது ஆயிரம் ரூபா அளவில் விற்ற சீமெந்துப் பை மூவாயிரத்தை நெருங்கியது. நின்றுபோன தவணை பின்னர் அப்படியே கைக்கு வந்தாலும் அதே கூரையைப் போட முடியாத நிலை.

“அது மன்னார்க்காரர் பிரச்சினை, நமக்கென்ன?” என்று யாரும் கேட்க வேண்டாம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வடக்கே போன நம் உறவுகள் மன்னாரிலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள். அதோடு, நாளை இது நம் லயத்து வாசலிலும் நடக்கலாம். இந்தியப் பிரதமர் மோடி 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்து மலையகத்துக்கு 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அதற்கு அடிக்கல் நாட்ட 2024 பெப்ரவரி வரை காத்திருந்தோம். ஆகவே, ‘அனுமதி கிடைத்துவிட்டது’ என்ற சொல்லைக் கேட்டவுடன் பட்டாசு கொளுத்தும் பழக்கத்தை நாம் கொஞ்சம் நிறுத்த வேண்டும்.

எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. 2022 தொடக்கத்தில் ஒரு வங்கி எனக்கு வீட்டுக் கடன் அனுமதித்தது. மதிப்பீட்டாளர் வந்து பார்த்தார். சட்டத்தரணி உறுதியைச் சரிபார்த்தார். இரண்டு பேருக்கும் கட்டணம் கட்டியவன் நான்தான். அனுமதிக் கடிதத்தை நம்பிக் காணிக்காரருக்கு முற்பணமும் கொடுத்தேன். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் தன் கொள்கை வட்டியை ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. சில வாரங்களில் வங்கியிலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது: அனுமதி மீளப்பெறப்படுகிறது. முதல் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். எப்போது வேண்டுமானாலும் மீளப்பெறலாம் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுக்கும் நான் அதை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாதச் சம்பளம் இருந்ததால் எழுந்து நின்றேன். நாள் கூலியை நம்பும் குடும்பம் அதே அடியில் எழும்பியிருக்காது.

இங்கேதான் அநீதி இருக்கிறது. நாம் ஒரு தவணை தவறினால் தண்ட வட்டி போடுகிறார்கள், பிணைகாரர் வீட்டுக்குப் போகிறார்கள், நம் பெயர் கிரிப் பட்டியலில் ஏறுகிறது, அடகு நகை ஏலத்துக்குப் போகிறது. அவர்கள் ஒரு தவணை தவறினால் ‘மேலிடத்திலிருந்து உத்தரவு வரவில்லை’ என்கிறார்கள். அத்தோடு முடிந்தது.

நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 2015 மார்ச்சில் கூட்டு ஒப்பந்தம் காலாவதியாகி, 2016 ஒக்டோபரில்தான் புதியது கையெழுத்தானது. இடைப்பட்ட மாதங்களின் நிலுவை எங்கே என்று தோட்டம் தோட்டமாகக் கேட்டோம். வேலை செய்த நாளுக்குச் சேர வேண்டியது நிலுவை. அதேபோல், அனுமதிக் கடிதத்தை நம்பி ஒருவன் அத்திவாரம் வெட்டிவிட்டால், மிச்சத் தவணையும் அவனுக்குச் சேர வேண்டிய நிலுவைதான். அதை யாரும் தரும் தானமாகப் பார்க்கக் கூடாது. ஆட்சி மாறினாலும் கடன்காரன் கடன்காரன்தான்.

செய்ய முடியாத காரியமும் அல்ல இது. வடக்கு கிழக்கில் 46,000 வீடுகளுக்கான இந்திய வீட்டுத்திட்டத்தில், 2012 ஒக்டோபரிலிருந்து குடும்பங்கள் தாங்களே வீடு கட்டின. வீட்டுக்கு 550,000 ரூபா. வேலை முன்னேற முன்னேறப் பணம் நேரடியாக அவர்களின் வங்கிக் கணக்குக்கு வந்தது. அந்தத் தொகை போதவில்லை என்று கடன்பட்டவர்கள் உண்டு, குறைகள் பலவும் உண்டு. ஆனால் அறிவித்த தவணை வந்தது, கூரை ஏறியது. 2015இல் கொழும்பில் ஆட்சி மாறியபோதும் திட்டம் நின்றுவிடவில்லை.

ஆகவே தோட்டக் கமிட்டிகளுக்கு நான் சொல்வது நான்கு.

ஒன்று: எந்த வீட்டுத்திட்டமானாலும் முழுத் தொகை, தவணை எத்தனை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதைப் பயனாளியின் பெயரில் தமிழில் எழுத்தில் கேளுங்கள். மேடைப் பேச்சு அனுமதி ஆகாது.

இரண்டு: முதல் தவணை கணக்கில் விழும் முன் இருக்கும் லயத்துக் காம்பராவை இடிக்காதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள். துரையோ தலைவரோ அவசரப்படுத்தினாலும் வேண்டாம்.

மூன்று: அரச திட்டத்தில் தவணை தாமதித்தால், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள்: இந்தத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கப்பட்டதா, எவ்வளவு, எங்கே போனது? தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

நான்கு: அரச நிறுவனம் கொடுத்த வாக்கை மீறினால் காலத்தைக் கடத்தாதீர்கள். ‘நியாயமான எதிர்பார்ப்பு’ என்ற கோட்பாட்டை நம் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கடிதம் வந்த திகதியைக் குறித்துக்கொண்டு அடுத்த நாளே சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

சங்கத் தலைமைக்கும் ஒரு வேண்டுகோள். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது நிலுவைப் பட்டியலோடு போகிறோம். வீட்டுத்திட்டப் பேச்சுக்கும் அப்படியே போக வேண்டும். எந்தத் தோட்டத்தில் எத்தனை வீடு பாதியில் நிற்கிறது, எத்தனை தவணை பாக்கி என்ற பட்டியல் நம் கையில் இருக்கட்டும். அந்தப் பட்டியலில் மன்னாரில் இருக்கும் நம் உறவுகளின் வீடுகளுக்கும் இடம் வேண்டும். 200 ஆண்டுக்கு முன் நம்மவர் முதலில் கால் வைத்த மண் அது. அங்கே கூரையில்லாமல் நிற்கும் சுவரும் நம் கணக்கில் உள்ளதுதான்.