அசல் கண்ணாடி



கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளகோவிலில் முருங்கைக்காய்ச் சந்தையின் இரைச்சல் சற்று ஓய்ந்த வேளையில், இளைஞர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்திருந்த ஒரு பொருளை நம் மேசையின்மேல் அவிழ்த்து வைத்தார். அது எச்.எம்.டி. ஜனதா என்னும் கைக்கடிகாரம். அதன் கண்ணாடி மஞ்சள் பாரித்திருந்தது. பன்னிரண்டாம் எண்ணிலிருந்து நான்காம் எண் வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"சாமி, இது அப்பாவோடதுங்க. இதுக்கு அசல் கண்ணாடி எங்க கிடைக்குமுங்க?" என்று கேட்டார்.

அரிசி ஆலையில் நெடுங்காலம் உழைத்துச் சென்ற ஆண்டு மறைந்த அவருடைய தந்தைக்கு, 1981-ஆம் ஆண்டு திருமணத்தின்போது மாமனார் அணிவித்த கடிகாரம் அது. வருகிற தை மாதம் இளைய மகனுக்குத் திருமணம். அந்நாளில் அக்கடிகாரத்தை மணமகன் அணிய வேண்டுமென்பது தாயின் விருப்பம். நகரத்துக் கடை ஒன்றில் காட்டியபோது, "விட்டுட்டுப் போங்க, டயலையும் புதுசா எழுதிக் கண்ணாடியும் மாத்திப் புத்தம் புதுசாட்டம் தர்றோம்" என்றார்களாம். தாய் அதற்கு இணங்கவில்லை.

நாமோ சிறிதும் சிந்தியாமல், "என்ன தம்பி, ஒரு கண்ணாடிதானே! அளவுக்கு ஏற்ற எதையாவது போட்டுக்கொள்ளலாமே" என்று சொல்லிவிட்டோம். இளைஞர் மறுமொழி ஒன்றும் கூறாமல் கடிகாரத்தை மீண்டும் கைக்குட்டையில் முடியத் தொடங்கினார். அம்மௌனம் நம்மைச் சுட்டது. ஒரு குடும்பத்தின் நாற்பது ஆண்டு வாழ்வை நாம் ஒரு சில்லறைச் செலவாக எண்ணிவிட்டோமே என்று வருந்தினோம். மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு, நமக்கு அறிமுகமான முதியவர் ஒருவரிடம் சென்றோம். கடிகாரம் பழுதுபார்ப்பதையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் அவர். அன்று அங்கே கற்றுக்கொண்டதையும், பின்னர் படித்தறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். ஏனெனில், இத்தகைய கடிகாரம் ஒன்று உங்கள் இல்லத்துப் பெட்டியிலும் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1953-இல் தோன்றியது. ஜப்பான் நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரங்கள் செய்யத் தொடங்கியது. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய, பதினேழு கற்கள் பதித்த இயந்திரம் கொண்ட ஜனதா, அதன் புகழ்பெற்ற படைப்புகளுள் ஒன்று. பின்னர்க் காலம் மாறியது. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. நம் ஓசூரிலே அதன் தொழிற்சாலை எழுந்தது. சாவி வேண்டாத குவார்ட்ஸ் கடிகாரங்கள் எங்கும் பரவின. முடிவில், எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு 2016 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. எனவே, இன்று பழைய ஜனதாவுக்கு நிறுவனத்தின் உதிரி உறுப்பைத் தேடுவோர் பெரும்பாலும் பழுதுபார்ப்போரின் தகர டப்பாக்களில் எஞ்சியுள்ள பழைய கையிருப்பையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

நாம் கண்ணாடி என்று சொன்னாலும், இத்தகைய பழைய கடிகாரங்கள் பலவற்றில் இருப்பது உண்மையில் கண்ணாடியன்று. அக்ரிலிக் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக்கே. 1930-களில் வாணிகத்துக்கு வந்த இப்பொருள் எளிதில் கீறல் விழும் இயல்புடையது. ஆயினும், அடிபட்டால் சில்லுசில்லாகச் சிதறாது. 1969-இல் நிலவில் நடந்த ஆல்ட்ரின் கட்டியிருந்த ஒமேகா கடிகாரத்தின் முகப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆகவே பிளாஸ்டிக் என்றதும் அதை மட்டமானதாகக் கருத வேண்டியதில்லை. மேலோட்டமான கீறல்களாயின், பித்தளை துலக்கும் பாலிஷையோ பற்பசையையோ மெல்லிய துணியில் இட்டு மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். எத்தனையோ கண்ணாடிகள் இவ்வெளிய வைத்தியம் அறியாமல் தூக்கி எறியப்படுகின்றன என்று முதியவர் வருந்தினார். ஆனால் ஊடுருவிய விரிசலுக்கு மருந்தில்லை. அதன் வழியே வியர்வையும் தூசியும் புகுந்து டயலையும் இயந்திரத்தையும் கெடுத்துவிடும். நம் இளைஞரின் கடிகாரம் அந்நிலையில்தான் இருந்தது.

கண்ணாடி மாற்றுவது எளிய வேலையன்று. கடிகாரக் கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து பார்க்கிறார்கள். ஓரத்தை வளைய நகங்களால் ஒரே சீராக இறுக்கிப் பிடித்துச் சற்றுச் சுருக்கி, கூட்டின் பள்ளத்தில் அமர்த்துகிறார்கள். பிடியை விட்டதும் அது விரிந்து தானே இறுகிக்கொள்கிறது. அளவு சிறிது மிகுந்தால் ஓரம் வெடிக்கும். குறைந்தால் கழன்று விழும். விட்டம் மட்டும் பொருந்தினாலும் போதாது. குவிவு தாழ்ந்திருந்தால் வினாடி முள் உச்சியில் உரசிக் கடிகாரம் நின்றுவிடும். குற்றம் கண்ணாடியில் இருக்க, இயந்திரம் பழுது என்று எண்ணிப் பணம் செலவழிப்போரும் உண்டு.

அளவு சற்றுக் குறைந்த கண்ணாடியை உடனடிப் பசை கொண்டு ஒட்டிக் கொடுப்பது தீமையானது. அப்பசையின் ஆவி உள்ளே படிந்து கண்ணாடியையும் டயலையும் வெண்மையாக மங்கச் செய்யும். தின்னர், அசிட்டோன், சாராயம் கலந்த கைத்தூய்மை நீர் ஆகியவையும் அக்ரிலிக்கில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். மற்றோர் எச்சரிக்கையும் தேவை. 1960-களுக்கு முற்பட்ட, இருளில் ஒளிரும் எண்களையுடைய அயல்நாட்டுக் கடிகாரங்கள் சிலவற்றில் ரேடியம் பூசப்பட்டிருந்தது. ஒளி மங்கினாலும், ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறந்து சுரண்டலாகாது. குழந்தைகளுக்கு விளையாடவும் கொடுக்கலாகாது.

இனி, "அசல்" என்பதை அறிவது எவ்வாறு? ஒமேகா போன்ற நிறுவனம் தன் அக்ரிலிக் கண்ணாடியின் நடுவே, உருப்பெருக்கி கொண்டு உற்றுநோக்கினாலன்றிப் புலப்படாத சிறு முத்திரையைப் பதித்து வைத்தது. ஆனால் எல்லாக் கண்ணாடிகளிலும் இத்தகைய சாட்சி இருப்பதில்லை. முத்திரையில்லாத எளிய வட்டக் கண்ணாடியை "அசல் கம்பெனிச் சரக்கு" என்று ஒருவர் கூறினால், அவருடைய நேர்மையே நமக்கு ஆதாரம்.

டயலைப் பொறுத்தவரை ஏமாற்றம் இன்னும் பெரிது. பழைய எச்.எம்.டி., ஃபாவ்ர் லூபா கடிகாரங்களின் டயல்களை அழித்து, மனம்போன நிறத்தில் புதிதாக அச்சிட்டு, வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்து, பழம்பொருள் என்று உலகெங்கும் விற்கிறார்கள். பழைய கடிகாரம் சேகரிப்போரிடையே இவை மும்பைச் சரக்கு என்றே பெயர் பெற்றுவிட்டன. புதிதாக அச்சிட்ட டயல் பளபளக்கும். ஆனால் அழிந்துபோன பழைய எழுத்து திரும்பி வாராது. இளைஞரின் தாய் தடுத்திராவிடில் அவருடைய கணவரின் கடிகாரத்துக்கும் அக்கதியே நேர்ந்திருக்கும்.

முதியவர் தம் டப்பாவைக் கவிழ்த்து, காகித உறைகளில் இருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். நிறுவனத்துக்குரியது என்று அவர் உறுதி கூறக்கூடியவை இரண்டே. இரண்டும் வேறு அளவு. பின்னர் ஓர் எளிய அக்ரிலிக் கண்ணாடியை எடுத்து, விட்டமும் குவிவும் பொருந்துவதைக் காட்டி, "தம்பி, இது கம்பெனிக் கண்ணாடி இல்லீங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அளவு அச்சா இருக்குது. சம்மதமுன்னாப் போடறேன்" என்றார்.

இளைஞர் கைப்பேசியில் தாயிடம் பேசினார். சற்று நேரம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்பு நம்மைப் பார்த்து, "சாமி, போடலாமுன்னு சொல்லிட்டாங்க. பழைய கண்ணாடிய மட்டும் தூக்கிப் போட்டறாதீங்கன்னாங்க. அப்பா அது வழியாத்தானே மணி பார்த்தாருன்னாங்க" என்றார்.

முதியவர் ஒன்றும் பேசாமல் விரிசல் விழுந்த கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, புதிய உறை ஒன்றில் இட்டு, உறையின்மேல் நாளையும் கடிகாரத்தின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். டயலைத் தொடவில்லை. ஓரத்தில் படிந்திருந்த பழுப்புக் கறை அப்படியே இருந்தது.

அன்பர்களே, அசலைத் தேடுவது வீண் பிடிவாதமன்று. கிடைக்கும் வரை தேடுவதில் தவறில்லை. கிடைக்காதபோது பொருத்தமான மாற்றை ஏற்பதிலும் இழுக்கில்லை. மாற்றை அசல் என்று சொல்வதுதான் இழுக்கு. ஆகவே, பழைய கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, எவற்றை மாற்றலாம், எவற்றைத் தொடலாகாது என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள். கழற்றிய உறுப்புகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் அதை விற்க நேரிட்டால், மாற்றியதை மறைக்காமல் கூறுங்கள்.

சென்ற வாரம் அவ்வில்லத்துக்குச் சென்றிருந்தோம். கடிகாரம் சுவர் அலமாரியில் ஓடிக்கொண்டிருந்தது. காகித உறையைப் பற்றி நாம் கேட்கவில்லை. அந்தத் தாயே தம் பெட்டியைத் திறந்து, திருமணப் புகைப்படத்தின் கீழே பத்திரமாக வைத்திருந்த அதை எடுத்துக் காட்டினார். "மூணாம் நாளு சாவி கொடுக்க மறந்துட்டேனுங்க சாமி. நின்னு போச்சு. இப்பத் தினமும் காலையில நானே கொடுத்தர்றேன்" என்றார்.