அடியில் பிடிமானம் வேண்டும்



'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்பது நம் பெரியவர்கள் விடாமுயற்சிக்காகச் சொன்ன சொல். நகரக் கூடாத பொருளும் அப்படித்தான் சிறு சிறு தட்டலிலேயே நகர்ந்து போய்விடுகிறது. இதை என் பழைய மாணவன் ஒருவனின் வீட்டில் கண்டேன்.

அவன் இப்போது மூன்றாம் படிவம் படிக்கிறான். தகப்பனார் பால்மரம் வெட்டுகிறார். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அவர் என்னை வழியில் நிறுத்தி, "சார், நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. சாப்பாட்டு மேசை முழுக்கப் பொம்மைச் சிப்பாய். இது விளையாடற வயசா?" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

கண்டிக்கத்தான் போனேன். நாலடிக்கு மூன்றடி மேசைமீது ஓரடிச் சதுரப் பலகைகள் 12 இருந்தன. மெல்லிய பிளைவுட்டில் வெள்ளை நுரை அட்டையை ஒட்டி, செதுக்கி, வண்ணம் பூசி, மலையும் ஆறும் பாதையும் செய்திருந்தான். பலகைகளை மாற்றி அடுக்கினால் வேறொரு போர்க்களம். சிறு படைகளை அளவுகோலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வி காணும் விளையாட்டு அது.

தங்கையின் முழங்கை பட்டது. ஆறு ஒரு பக்கமும் பாலம் ஒரு பக்கமுமாக விலகின. இடைவெளியில் சிப்பாய்கள் சரிந்தார்கள். "மூணு வாரம் உழைச்சேன் சார். எல்லாத்தையும் அடுப்பில போடப் போறேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

நான் தகப்பனாரிடம் சொன்னேன்: "அண்ணே, இது வெறும் பொம்மை விளையாட்டு இல்லை. 1812-இல் ரைஸ்விட்ஸ் என்பவர் நிலத்தோற்றம் கொண்ட சதுரத் துண்டுகளை அடுக்கி ஆடும் போர் விளையாட்டு மேசை ஒன்றைப் பிரஷ்ய மன்னருக்குச் செய்து கொடுத்தார். அவர் மகன் 1824-இல் அதை வரைபடத்தின்மேல் ஆடும்படி திருத்தினார். அது படை அதிகாரிகளின் பயிற்சிக்கே பயன்பட்டது."

அவர் பேசவில்லை. மேசையைத் தடவிப் பார்த்தார். "ஆணி அடிச்சா?" என்றார். ஆணியும் பசையும் ஆகாது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பலகைகளை எடுத்தாக வேண்டுமே! பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்.

மேசையும் வழவழப்பு, பலகையின் அடியும் வழவழப்பு, எடையும் இல்லை. பிறகு உராய்வு எங்கிருந்து வரும்? அவர் எழுந்து போய் மோட்டார் சைக்கிளின் பழைய டியூபை எடுத்து வந்தார். நீளவாக்கில் பிளந்து, உள்ளிருந்த வெள்ளைத் தூள் போகச் சோப்பு நீரில் கழுவித் துடைத்தார். சிறு சதுரங்களாக வெட்டிப் பலகைக்கு நான்காக மூலைகளில் ஒட்டினார்கள். வெட்டியது அப்பா, ஒட்டியது மகன். பிறகு முழங்கை பட்டது, ஆறு அசையவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் சில குறிப்புகள்:

டியூப் ஒட்டும் பசை நுரை அட்டையில் பட்டால் அதை அரித்துவிடும். பிளைவுட்டில் மட்டும் தடவுங்கள். நுரைக்கு வெள்ளைப் பசையே ஏற்றது.

டியூப் இல்லையென்றால், இழுப்பறையில் விரிக்கும் ஓட்டை ஓட்டையான வழுக்கா விரிப்பை மேசைமேல் போடலாம். தூசு படிந்தால் பிடிப்புக் குறையும். கழுவிக் காயவைத்தால் பழையபடி பிடிக்கும். ஆனால் ரப்பரோ விரிப்போ, வார்னிஷ் பூசிய மேசையில் நாள்கணக்கில் கிடந்தால் கறை படியலாம். ஆட்டம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

மெல்லிய பலகையில் ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசினால் அது வளையும். வளைந்த பலகை நான்கு மூலையும் பதியாமல் ஆடும். அடிப்பக்கமும் ஒரு பூச்சுப் பூசுங்கள்.

பெரிய மேசையானால் சுற்றிலும் மரச்சட்டம் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆப்பு வைத்து இறுக்கினால் வேண்டும்போது தளர்த்தலாம்.

காந்தம் வைத்துப் பலகைகளை இணைப்பவர்களும் உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டாம். சிறு காந்தங்களை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தாகும்.

பெற்றோர்களே, அன்று அந்த வீட்டில் நான் கண்டித்துப் பேசவே இல்லை. மாலை ஆறு மணிக்குப் பையன் தானே பலகைகளை அடுக்கி வைத்து, மேசையைத் துடைத்துப் புத்தகத்தை விரித்தான். தகப்பனார் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, "அந்தப் பாலத்துக்குக் கைப்பிடி இல்ல சார், நாளைக்குக் கம்பி வெட்டித் தரணும்" என்றார்.

பிள்ளை நழுவுகிறான் என்று மேலிருந்து அழுத்துவதைவிட, அவன் அடியில் ஒரு பிடிமானம் வைத்துப் பாருங்கள்.