சராசரி மட்டும் போதுமா?

அண்மையில் நாம் பார்வையிடச் சென்ற ஒரு விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில், அடுத்த போகத்திற்கான நெல் விதையைப் பற்றி நிர்வாகக் குழுவினர் ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தனர். மூன்று விதைகளை அங்கத்தினர் வயல்களில் பயிரிட்டுப் பார்த்து, சராசரி மகசூல் மிகுந்திருந்த விதையையே அனைவருக்கும் வாங்குவதென முடிவு. அவ்விதைக்கு விலையும் அதிகம். அங்கத்தினர் பலர் கடன் பெற்றே வாங்க வேண்டியவர்கள். இத்தீர்மானம் அவசரப்பட்டது என்பதே நமது கருத்து.

காரணத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். ஒவ்வொரு விதையும் நான்கு வயல்களில் விதைக்கப்பட்டதாகக் கொள்வோம். ஏக்கருக்கு முதல் விதை 20, 26, 22, 24 மூட்டை. இரண்டாவது 25, 21, 27, 23. மூன்றாவது 22, 28, 24, 26. சராசரிகள் முறையே 23, 24, 25. ஒரே விதை வயலுக்கு வயல் ஆறு மூட்டை வரை வேறுபடுகையில், விதைகளுக்கு இடையேயுள்ள இரண்டு மூட்டையை விதையின் குணம் என்று எங்ஙனம் கொள்வது?

இவ்வையத்தைத் தீர்க்கும் முறைக்கு மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்று பெயர். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919இல் பணியேற்ற ரொனால்ட் பிஷர் வகுத்தது. நம் நாட்டில் விவசாய ஊழியர்களுக்கென்றே பான்சே, சுகாத்மே இருவரும் எழுதிய புள்ளியியல் நூல் 1954இல் வெளிவந்தது. ஆகவே இது நமக்குப் புதிய சரக்கன்று.

மேற்கூறிய கணக்கில், விதைகளுக்கு இடையேயான வேறுபாட்டின் வர்க்கத் தொகை 8. மூன்றில் ஒன்று குறைத்து 2ஆல் வகுத்தால் 4. ஒவ்வொரு விதைக்கும் உள்ளேயான வர்க்கத் தொகை 60. பன்னிரண்டு வயல்களில் மூன்று குறைத்து 9ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.67. முன்னதைப் பின்னதால் வகுக்கக் கிடைப்பது 0.6. விதைகள் உண்மையில் சமமானவையாயினும், தற்செயலாகவே நூற்றில் ஐந்து முறை இவ்விகிதம் 4.26ஐத் தாண்டும் என்கிறது அட்டவணை. நமது விகிதமோ ஒன்றைக்கூட எட்டவில்லை! இதே சராசரிகளோடு, முதல் விதை 22½, 23, 23, 23½ என்றும் மற்றவையும் அவ்வாறே நெருங்கியும் விளைந்திருப்பின் விகிதம் 24 ஆகியிருக்கும். அப்பொழுது தீர்மானத்தை நாமே வரவேற்றிருப்போம். எனினும், விதைகள் யாவும் சமமல்ல என்பதையே இக்கணக்கு கூறும். எது எதனினும் மேல் என்பதைப் பின்னர் தனியே பார்க்க வேண்டும்.

இரண்டிரண்டாக ஒப்பிட்டால் போதாதா என்று காரியதரிசி வினவினார். நல்ல வினாவே. ஐந்து விதைகளாயின் பத்து ஜோடிகள். ஒவ்வொன்றிலும் தவறுக்குச் சிறிது இடமிருக்க, எங்கேனும் ஓரிடத்தில் ஏமாறும் வாய்ப்புப் பெருகிவிடும்.

கணக்கினும் முக்கியமானது வயல். தலைமடையில் ஒரு விதையையும் கடைமடையில் மற்றொன்றையும் விதைத்துவிட்டு எந்தச் சூத்திரத்தைப் போட்டும் பயனில்லை. எந்த வயலுக்கு எந்த விதை என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்ய வேண்டும். அச்சங்கத்திலோ விலையுயர்ந்த விதை பெரும்பாலும் வாய்க்காலை அடுத்த வயல்களுக்கே சென்றிருந்தது. நெசவாள அன்பர்களும் இதனைக் கவனிக்கலாம்: மூன்று ஆலைகளின் நூலை ஒப்பிடுவோர், ஓர் ஆலையின் நூல் முழுவதையும் கைதேர்ந்த ஒரே நெசவாளரின் தறியில் ஏற்றினால், சோதிக்கப்படுவது நூலா, கையா?

கொள்முதலை ஒரு போகம் ஒத்திவைத்து, சீட்டுக் குலுக்கி மீண்டும் விதைத்துப் பார்க்குமாறு அச்சங்கத்தின் பார்வைப் புத்தகத்தில் எழுதி வந்திருக்கிறோம்.