ஊர்ப்பணம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு?

ஆண்டுவிழா ஒத்திகை நாட்களில், பிள்ளைகள் மேடையில் ஆடியும் பாடியும் பழகும் வேளையில், மண்டபத்தின் பின்வரிசையில் தேநீரோடு அமர்ந்திருக்கும் பெற்றோர் பேசாத விடயம் இல்லை. இவ்வாண்டு அப்பேச்சு ஒரு கேள்வியில் வந்து நின்றது. "கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு அரசாங்கம் முழுச் செலவையும் கொடுக்கிறது. நாங்களும் வரி கட்டுகிறோம். நாங்கள் ஒரு சைவத் தமிழ்ப் பாடசாலையைத் தொடங்கினால் ஏன் காசு தரக்கூடாது? தனியார் பாடசாலைக்குக் கட்டுகிற கட்டணத்தில் ஒரு பங்கையாவது ஏன் திருப்பித் தரக்கூடாது?" கேட்டவர் இரவு வேலை முடித்து, உறங்காமலே பிள்ளையை அழைத்து வந்த ஒரு தந்தை. அன்று அவருக்குச் செம்மையான விடை கூற எம்மால் இயலவில்லை. இம்மலரில் கூற முற்படுகின்றோம்.

முதலில் நாம் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தின் நிலையை அறிதல் வேண்டும். 1867இல் கனடாக் கூட்டாட்சி உருவானபோது, ஒன்ராறியோவின் கத்தோலிக்கச் சிறுபான்மையினருக்கும் கியூபெக்கின் புரட்டஸ்தாந்துச் சிறுபான்மையினருக்கும் அவரவர் பாடசாலைகள் அரசியலமைப்பின் 93ஆம் பிரிவினால் காக்கப்பட்டன. அது அக்காலத்து இரு சமூகங்கள் செய்துகொண்ட உடன்பாடு. பின்னர் 1980களின் நடுப்பகுதியில் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலைகளின் மேல்வகுப்புகளுக்கும் முழு நிதி விரிவாக்கப்பட்டது. ஏனைய சமயத்தவரின் பாடசாலைகளோ மற்றைய தனியார் பாடசாலைகளோ இங்கு மானியம் பெறுவதில்லை. இதனை எதிர்த்து யூத, கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1996இல் நிராகரித்தது. ஆனால் 1999இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, ஒரு சமயத்தின் பாடசாலைக்கு மட்டும் கொடுத்து மற்றையவற்றுக்கு மறுப்பது பாரபட்சமே எனக் கூறியது.

அரசியல்வாதிகளும் இதில் கைவைத்துப் பார்த்தனர். 2001இல் அன்றைய மாகாண அரசு, தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு வரிச்சலுகை ஒன்றை அறிவித்தது. முதல் 7,000 டொலர் கட்டணத்தில், படிப்படியாக உயர்ந்து பாதி, அதாவது 3,500 டொலர் வரை, திரும்பக் கிடைக்கும் என்பது திட்டம். 2003இல் ஆட்சி மாறியதும் அது நீக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டுத் தேர்தலில், எல்லாச் சமயப் பாடசாலைகளுக்கும் நிதி தருவோம் என்று வாக்குறுதி அளித்த கட்சி தோற்றது. அதன் தலைவர் யோன் ரோரி தமது தொகுதியையும் இழந்தார். எனினும் அல்பேர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் தனியார் பாடசாலைகளுக்கு மாகாண அரசு ஒரு பங்கு நிதி வழங்கியே வருகின்றது. ஆகவே அத்தந்தையின் கேள்வி புறந்தள்ளத் தக்கதன்று. அதில் நியாயம் உண்டு.

ஆயினும், பொதுப்பணம் தனியார் பாடசாலைக் கட்டணத்துக்குச் செல்லலாகாது என்பதே எமது கருத்து. காரணத்தை எமது மண்ணின் வரலாற்றிலேயே காண்கின்றோம்.

இலங்கையில் பொதுப்பணமும் தனியார் பாடசாலையும் நீண்டகாலம் ஒன்றாகவே வாழ்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, மிசனரிமார் நடத்திய பாடசாலைகள் அரசின் உதவி நன்கொடை பெற்று வளர்ந்தன. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது, சைவப் பிள்ளை தன் சமயத்தைத் துறவாமலே கல்வி பெறவேண்டும் என்பதற்காகவே. 1923இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம் ஊர்தோறும் பாடசாலைகளை எழுப்பியது. அவற்றால் விளைந்த நன்மையை மறுப்பவர் நன்றி மறந்தவராவர்.

ஆனால் அதே வரலாற்றின் மறுபக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கடமை ஆசிரியருக்கு உண்டு. பணம் அரசினுடையது, வாசலில் நின்றவரோ முகாமையாளர். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, யாரை வாங்கில் இருத்துவது, யாரை நிலத்தில் இருத்துவது என்பதை அவரே தீர்மானித்தார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் அரசின் வரிப்பணத்தில் நடந்த பாடசாலைகளிலேயே ஒதுக்கப்பட்டனர். நன்கொடை பெறும் பாடசாலைகளில் சமஆசனம் கொடுக்கப்படவேண்டும் என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசு பணித்தபோது யாழ்ப்பாணத்தில் எதிர்ப்பு மூண்டது; பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாயின. பொதுப்பணத்தை வாங்கும் கை, பொதுமக்கள் எல்லோருக்கும் கதவைத் திறக்க மறுத்த கதை இது. அதனை அந்நியர் செய்யவில்லை, நம்மவரே செய்தனர்.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் பொறுப்பில் வந்தன. 1980இல் இலவசப் பாடநூலும் 1993இல் இலவசச் சீருடையும் சேர்ந்தன. எம்மைப்போன்றோர் ஆசிரியராக வந்தது அந்த வழியினாலேயே. இடம்பெயர்ந்த காலத்தில் மரநிழலில் வகுப்பு நடத்தியபோதும், அங்கு அமர்ந்திருந்த பிள்ளைகளில் எவரிடமும் கட்டணம் கட்டினாயா என்று நாம் கேட்கவேண்டியிருக்கவில்லை. அது எவ்வளவு பெரிய செல்வம் என்பதைக் கட்டணச் சீட்டுகளைக் காணும் இந்நாட்டிலேயே முழுமையாக உணர்ந்தோம்.

"அரசின் கையில் கல்வியைக் கொடுத்ததனால் அல்லவோ 1970களில் தரப்படுத்தல் வந்தது?" என்று சிலர் வினவுவர். மெய்தான். பாடசாலைகளைப் பொதுவாக்கிய அரசே, பல்கலைக்கழக வாசலில் தமிழ் மாணவருக்கு அநீதி இழைத்தது. ஆயினும் பொதுக்கல்வி வேண்டாம் என்பது அதற்குப் பரிகாரமன்று. பொதுவானது உண்மையிலேயே எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதா என்று விழிப்போடு கண்காணிப்பதே பரிகாரம்.

இனி, வரிச்சலுகையின் கணக்கைப் பார்ப்போம். 7,000 டொலர் கட்டணத்தில் 3,500 டொலர் திரும்பி வரும் என்றால், மிகுதி 3,500 டொலரைச் சொந்தமாகப் போடக்கூடியவருக்கே அது பயன்படும். அதுவும் முழுத்தொகையையும் முன்னரே கட்டி, வரிக்கணக்குக் கொடுத்த பின்னர் பெறுவது. இரண்டு பிள்ளைகளும் வாடகை வீடும் உள்ள தொழிற்சாலைத் தொழிலாளி அம்முன்பணத்துக்கு எங்கே போவார்? அவர் கட்டும் வரியும் சேர்ந்து, வசதியுள்ளவரின் கட்டணத்தைக் குறைக்கும். ஏழையின் குடத்தில் நீர் எடுத்துச் செல்வந்தரின் தோட்டத்துக்கு இறைப்பது போன்றது அது.

சிலி நாடு இதனை அனுபவித்தே அறிந்தது. 1981இலிருந்து, பிள்ளை சேரும் தனியார் பாடசாலைக்கும் அரசுப்பணம் செல்லும் முறையை அந்நாடு கைக்கொண்டது. பாடசாலைகள் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தன. பெற்றோரிடம் மேலதிகக் கட்டணமும் பெற்றன. மாணவர் வீதியில் இறங்கிப் போராடிய பின்னர், 2015இல் ஒரு சட்டத்தின் மூலம், அரசுப்பணம் பெறும் பாடசாலைகளில் இலாபம், தெரிவு, மேலதிகக் கட்டணம் ஆகிய மூன்றையும் படிப்படியாக ஒழிக்க முடிவு செய்தனர்.

அப்படியாயின் சமத்துவம் என்னாவது? பாரபட்சம் நீங்க இரு வழிகள் உண்டு: எல்லோருக்கும் தனித்தனியே கொடுப்பது ஒன்று, எல்லோரையும் ஒரே வாசலுக்குள் அழைப்பது மற்றொன்று. கியூபெக்கும் நியூபவுண்ட்லாந்தும் 1997, 1998ஆம் ஆண்டுகளில் இரண்டாவது வழியை நாடின. ஒன்ராறியோ எதனை நாடும் என்பதை மக்களே தீர்மானிக்க வேண்டும். இங்கும் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் நமது சைவப் பிள்ளைகள் பலர் பயில்கின்றனர். கதவு திறக்கும்போது எவருடைய சமயமும் குறைந்துபோவதில்லை என்பதற்கு அப்பிள்ளைகளே சாட்சி.

தமிழும் சமயமும் பொதுப்பாடசாலையில் அழிந்துவிடும் என்ற அச்சம் எமக்கும் உண்டு. அதனாலன்றோ வார இறுதியில் இங்கு கூடுகின்றோம்! அதற்கும் பொதுக்கல்வி வழி வைத்திருக்கின்றது. 1977 முதல் இம்மாகாணத்தில் பாடசாலைச் சபைகள் பாரம்பரிய மொழி வகுப்புகளை நடத்தி வருகின்றன. பெற்றோர் போதிய தொகையினர் எழுத்தில் கேட்டால் வகுப்பு கிடைக்கும். உயர்நிலைப் பாடசாலையில் தமிழைத் திறமைச்சித்திக்குரிய பாடமாகவே கற்கலாம். தனிப் பாடசாலைக்குப் பணம் கேட்கும் குரலில் பாதியை இவ்வகுப்புகளைக் கேட்பதற்குச் செலவிட்டாலே போதும். தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் பயன்பெறுவர்.

ஆகவே, அந்தத் தந்தைக்கு எமது விடை இதுதான். ஐயா, உங்கள் காசைக் கொண்டு நீங்கள் விரும்பும் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஊரின் காசோ ஊருக்குப் பொதுவான வாசலுக்கே உரியது. அவ்வாசலுக்குள் குறை உண்டென்றால், பாடசாலைக் கவுன்சில் கூட்டத்துக்கு வாருங்கள். எழுந்து நின்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளையை அருகில் இருத்திக்கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களே! திங்கட்கிழமை நீங்கள் செல்லும் பாடசாலையில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எந்த நாட்டவர், எந்தச் சமயத்தவர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சமஆசனத்துக்காக நமது மண்ணில் பள்ளிக்கூடங்கள் எரிந்தன. உங்களுக்கு அது கேளாமலே கிடைத்திருக்கின்றது. அதனைக் காப்பது உங்கள் கடமை.