கடைசித் தம்பியின் நாலு சதுர அடி

0.999... என்று முடிவில்லாமல் ஒன்பது போட்டுக்கொண்டே போனால் அது 1தானா? 1தான். கிட்டத்தட்ட 1 இல்லை, அச்சு அசல் 1. இதை மறுப்பவர்களில் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது நம்ம இலக்கிய நண்பர்கள். முழுமையை நெருங்கலாம், அடைய முடியாது என்று சொல்ல இந்தப் பாவப்பட்ட தசமத்தைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். கவிதை எழுதுங்க, வேணாங்கல. பொய்ச்சாட்சி எதுக்கு?

எங்க காணைப் பக்கம் ஒரு ஏக்கரை மூணு பங்காளிக்குப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு சென்ட். ஆளுக்கு 33.33 என்று எழுதினால் கூட்டுத்தொகை 99.99. மீதி 0.01 சென்ட், அதாவது 4.356 சதுர அடி. "அது யாருக்கு?" என்று கடைசித் தம்பி கேட்பான். கேக்கணும். வரப்புத் தகராறெல்லாம் இதைவிடக் கம்மி மண்ணுக்கு நடந்திருக்கு. சரி, 33.3333 என்று எழுதுங்கள். மீதி ஆறு சதுர அங்குலமும் சொச்சமும். இன்னும் ரெண்டு மூணு சேர்த்தால் அதிலும் நூறில் ஒன்று. எங்கே நிறுத்தினாலும் மிச்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். நிறுத்தவே இல்லையென்றால்? நீங்கள் எவ்வளவு சின்ன மண்ணைக் காட்டினாலும் மிச்சம் அதைவிடக் குறைவு. அப்படிப்பட்ட மிச்சத்துக்குப் பெயர் பூஜ்ஜியம்.

நிலத்தில் குறையில்லை. பத்துப் பத்தாக வெட்டுகிற எழுத்தில்தான் குறை, பத்துக்குள் மூன்று அடங்காது. நம்ம பழைய கீழ்வாய் இலக்கத்துக்கும் இதே கதிதான். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. மூன்றில் ஒன்றுக்கு 106 முந்திரி போட்டால் குறையும், 107 போட்டால் மிஞ்சும். அதுக்காக மூன்றில் ஒன்று என்பதே இல்லாமல் போய்விடுமா?

என் பக்கத்து ஆட்கள் மீதும் கோபம் உண்டு. பத்தால் பெருக்கு, கழி, ஒன்று வந்துவிட்டது, வாயை மூடு என்கிறார்கள். இதே பாணியில் 1+2+4+8+... என்பதை இரண்டால் பெருக்கிக் கழித்துப் பாருங்கள், −1 வரும்! அந்தக் கூட்டல் ஒரு எண்ணில் போய் நிற்கிறது என்று முதலில் காட்டாமல் இந்த வித்தை செல்லாது. சந்தேகப்படும் பையன்தான் நேர்மையானவன். கேரளத்து நீலகண்ட சோமயாஜி ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஆரியபட்டீய பாஷ்யத்தில் அதைத்தான் கேட்டார்: 1/4 + 1/16 + 1/64 + ... சரியாக 1/3 வரை போகிறது, தாண்டவில்லை என்று எப்படித் தெரியும்? அதட்டவில்லை மனுஷன், மிச்சத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். முதல் படியில் 1/12, அடுத்து 1/48, அடுத்து 1/192. நம்ம பங்காளிக் கணக்கேதான்.

இதுக்குப் பிறகும் ரெண்டும் வேற வேற எண் என்பவர்கள் நடுவில் இருக்கும் எண்ணைச் சொல்லட்டும். ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் கிடைத்தாக வேண்டும். 0.000...1 தான் வித்தியாசம் என்று மட்டும் எழுதிவிடாதீங்க. முடியாத வரிசைக்கு எந்தக் கடைசியில் போய் அந்த ஒன்றை நடுவீங்க?